துண்டுக்குள் சொன்ன விலை

பலீல் முதலாளி நாலாயிரத்து ஐந்நூறு என்று விலை சொன்னதும் வீரசிங்கம் கணக்கப்பிள்ளை சிரித்தார். சும்மா சிரிப்பில்லை. இரும்புக்கடை வாசலில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஆள் தராசைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தான்.

“என்ன நானா, வீட்டை மட்டுந்தானே விக்கிறீங்க? இல்லே, தெருவையும் சேர்த்துக் குடுக்கிறீங்களா?”

“வீடு மட்டுந்தான் ஐயா. தெரு அரசாங்கத்துட,” என்றார் பலீல், முகம் மாறாமல். “தெமோதரை மட்டுக்கும் ரயில் வந்திட்டுது. வாற வருஷம் இங்க பதுளையில ஸ்டேஷன் தொறக்கப் போறாங்க. அப்ப வந்து கேட்டீங்கன்டா ஆறாயிரம் சொல்லுவன்.”

“எட்டு நாள் குடுங்க. விசாரிச்சிட்டு வர்றேன்.”

“தாராளமா விசாரிங்கோ. ஊரெல்லாம் விசாரிங்கோ.”

அந்தப் பேச்சிலிருந்த நிம்மதி வீரசிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. விற்கிறவன் வாய் நிறைய ‘விசாரி’ என்கிறான் என்றால் கையில் ஏதோ வைத்திருக்கிறான். இருக்கட்டுமே. அதற்காகப் பயந்துவிடுகிற ஆளா அவர்?

முப்பத்திரண்டு வருஷம் நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்து வண்டிக்கு மாடு வாங்கவேண்டுமென்றால் தொரை அவரைத்தான் அனுப்புவார். கத்தரிக்காய் வாங்கப் போனாலும், முன்னால் வாங்கிக்கொண்டு போகிற பெண்பிள்ளையை வழியில் நிறுத்தி, “நீ என்ன விலைக்கு வாங்கினே ஆத்தா?” என்று கேட்டுவிட்டுத்தான் கடையில் காலை வைப்பார். தன்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதை அவர் மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

இந்தத் தடவை கத்தரிக்காய் விஷயமில்லை. அறுபது வயதாகிவிட்டது, வேலை முடிந்தது. மே மாதம் முதல் தேதி புதுக் கணக்கப்பிள்ளை பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்குகிறார். அதற்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்து சாவியைத் தொரையின் கந்தோரில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு இன்னும் ஐந்து கிழமை. கையில் மூவாயிரம் ரூபா. அதற்குமேல் ஒரு சதம் கிடையாது, கடன் வாங்குகிற பழக்கமும் கிடையாது.

ஒரே மகள் சந்திரகாந்தி பதுளையில்தான் இருக்கிறாள். பத்து வருஷத்துக்கு முன்னால், கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தர்மலிங்கத்தின் இளைய மகனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோது, வெறும் வளவு ஒன்றை வாங்கித் தானே நின்று வீடு கட்டிச் சீராகக் கொடுத்தார் வீரசிங்கம். அந்த வீட்டில் இரண்டு அறை சும்மாதான் கிடக்கின்றன. கிடந்தால்? கொடுத்த சீருக்குள்ளேயே மாமனார் பெட்டி படுக்கையோடு போய் இறங்குவதா? சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள் என்பதுகூடப் பெரிதில்லை. அவருக்கே தன் முகத்தில் முழிக்க முடியாது.

மனைவி வடிவம்மா பலீலின் வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீரை இறைத்துக் குடித்தாள். பின்பக்கம் காய்த்துக் கிடந்த பலாமரத்தை அண்ணாந்து பார்த்தாள். “இதுதாங்க வீடு,” என்றாள். “நீங்க விலை பேசுங்க, பேசாம இருங்க, எனக்குத் தெரியாது. நான் அடுப்பு எங்க போடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

ஆக, விசாரணை தொடங்கியது.

மூன்று நாள் அந்தத் தெருவையும் அக்கம்பக்கத்துத் தெருக்களையும் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கினார். தையற்காரர், முடிவெட்டுகிறவர், கோயில் பூசாரி, பால்காரி, யாரும் தப்பவில்லை. யார் வீட்டை யார் வாங்கினார்கள், எந்த வருஷம், எவ்வளவுக்கு, கிணறு அப்போதே இருந்ததா, கூரை ஓடா தகரமா எல்லாம் கேட்டார். வாங்கினவன் சொல்வது ஒன்று, விற்றவன் சொல்வது வேறொன்று. வாங்கினவன் பெருமைக்கு ஏற்றிச் சொல்வான் அல்லது கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைத்துச் சொல்வான்; விற்றவன் எப்போதும் அழுவான். இரண்டையும் கேட்டு நடுவில் கோடு போடத் தெரிந்தவர் வீரசிங்கம்.

நாலாம் நாள் காணிப் பதிவுக் கந்தோருக்குப் போனார். கட்டணத்தைக் கட்டி, கிளாக்கரை உட்காரவைத்துப் பலீல் வீட்டுப் பக்கத்தைப் புரட்டச் சொன்னார். இருந்தது! ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாறில், பலீல் அந்த வீட்டை வாங்கிய விலை இரண்டாயிரத்து அறுநூறு.

வீரசிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேரே இரும்புக்கடைக்கு வந்தார். “நானா, ரெண்டாயிரத்தி அறுநூறு,” என்றார், அவ்வளவுதான். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லிவிட்டவர் மாதிரி நின்றார்.

பலீல் அசையவில்லை. “ஓம் ஐயா, அந்த விலைக்குத்தான் வாங்கினன். வித்தவனுக்கு ஊருக்குப் போற அவசரம். பாதி விலைக்குத் தந்திட்டுப் போனான். என்ட பொஞ்சாதி இன்டைக்கும் அதைச் சொல்லிச் சந்தோசப்படுவா.”

“பாதி விலையா? எதுல பாதி?”

“இந்தப் பக்கத்துல வீடுகள்ட விலை என்னன்டு உங்களுக்குக் கந்தோர்ல காட்டல்லையா? அஞ்சாயிரத்துக்கு ஒரு உறுதிப் பத்திரம் ஈக்குது. அதுக்குப் பொறகுதான் எல்லாரும் அதை வெச்சு விலை பேசுறாங்க. அந்த வீட்டுல கிணறுகூட இல்ல. என்ட வீட்டுல கிணறு ஈக்குது, பலாமரம் ஈக்குது. நான் ஐந்நூறு குறைச்சுத்தான் கேக்குறன்.”

உண்மைதான். வீரசிங்கம் எழுதி வைத்திருந்த தாளிலும் அது தெரிந்தது. பதின்மூன்றாம் வருஷம்வரை ஆயிரத்து நூறு, ஆயிரத்து நானூறு என்று போய்க்கொண்டிருந்த விலைகள் திடீரென்று துள்ளியிருந்தன. எங்கேயோ ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கொட்டியிருக்கிறான்.

“எந்த மடையன் நானா அஞ்சாயிரம் குடுத்தான்? அவன் மட்டும் என் கையில கிடைச்சா...”

பலீல் ஒரு துண்டுக் காகிதத்தில் உறுதி இலக்கத்தை எழுதி நீட்டினார். அவர் உதட்டில் என்னவோ ஒன்று வந்து வந்து போனது. “நான் ஏன் வாயால சொல்லணும்? நீங்களே போய்ப் பாருங்கோ. நல்ல மனுசர்தான்.”

மறுநாள் காலை கிளாக்கர் மறுபடியும் புத்தகத்தை விரித்தார். விரலை வைத்துக்கொண்டு வாசித்தார். வெறும் வளவு, வாங்கிய விலை முந்நூறு ரூபா. அதற்குக் கீழே அடுத்த வருஷம், அதே வளவும் அதில் கட்டிய வீடும், சீதன உறுதி, பெறுமதி ரூபா ஐயாயிரம். பெறுபவர் சந்திரகாந்தி. கொடுப்பவர்...

கிளாக்கர் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நீங்கதானே ஐயா?”

அட கடவுளே! அந்த மடையன் அவரேதான்.

மறந்துபோனாரா என்று கேட்கலாம். மறக்கவில்லை. ஆனால் அது சீர் ஐயா, சீர்! சீரை யாராவது விலையென்று எண்ணுவார்களா? சபையில் எழுந்து நின்று வாசிக்கிற எண் ஒன்று, கையில் எண்ணிக் கொடுக்கிற எண் வேறொன்று. நம் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும், தெரிந்தும் வாசிப்பார்கள், தெரிந்தும் கேட்டுத் தலையாட்டுவார்கள். வீரசிங்கத்தின் தலைக்குள் அது கல்யாணப் பெட்டியில் போட்டுப் பூட்டிய எண். அது கந்தோரில் ஏறி உட்கார்ந்து, பத்து வருஷமாக ஊரிலுள்ள வீடுகளின் விலையையெல்லாம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. மூன்று நாள் வாசல் வாசலாக ஏறித் தன்னைத்தானே தேடியிருக்கிறார்!

தோட்டத்துக்குத் திரும்பி வடிவம்மாவிடம் சொன்னபோது, அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“அன்னைக்கே சொன்னேனே, கேட்டீங்களா? முந்நூறுக்கு வளவு, ஆயிரத்தி ஐந்நூறுக்குக் கட்டடம். ஆயிரத்தி எண்ணூறுன்னு எழுதச் சொன்னேன். நீங்கதான் உறுதி எழுதுற நொத்தாரிசு காதுல போயி அஞ்சு அஞ்சுன்னு ஊதினீங்க.”

“பின்னே என்னடி பண்ணச் சொல்றே? அவங்க மூத்த மருமக நாலாயிரம் கொண்டாந்தவ. சபையில அந்த ஆள் கால் மேல கால் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஆயிரத்தி எண்ணூறுன்னு வாசிச்சா நம்ம புள்ள அந்த வீட்டுல எப்படி நடக்கும்?”

“அந்தப் பொய்க்கு முத்திரைச் செலவு வேற கூடக் கட்டினீங்க.”

“கட்டினேன். சந்தோசமாத்தான் கட்டினேன்.”

அது உண்மை. அன்றைக்கு நொத்தாரிசு ‘ஐயாயிரம்’ என்று வாசித்ததும் பந்தலில் ஒரு சத்தம் எழுந்தது. தர்மலிங்கம் மேல்காலை இறக்கி எழுந்து வந்து, சரிகைக் கரை போட்ட துண்டொன்றைச் சம்பந்தி தோளில் போட்டார். அந்தத் துண்டைத்தான் வீரசிங்கம் இன்றைக்கும் நல்ல காரியத்துக்குப் போகும்போது போட்டுக்கொண்டு போகிறார்.

“சரி, சிரிச்சது போதும்,” என்றாள் வடிவம்மா. “பலீல் முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லுங்க. அது பொய் எண்ணுன்னு சொன்னா அவரு நாலாயிரத்தி ஐந்நூறு கேக்க முடியாது.”

“அவரு கடைக்கு எதிர்க்கடை யாருதுன்னு நினைச்சுப் பார்த்தியா?”

வடிவம்மா நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. எதிர்க்கடை தர்மலிங்கத்தினுடையது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். உண்மையைச் சொன்னால் வீடு கிடைக்கும், மகளுடைய மானம் போகும். சொல்லாவிட்டால் மகள் தப்பினாள், இவர்கள் இரண்டு பேரும் மே முதல் தேதி தெருவில்.

எதற்கும் மகளிடம் கேட்டுவிடலாம் என்று மறுநாளே சீர் வீட்டுக்குப் போனார். மருமகன் கடைக்குப் போயிருந்தார். சந்திரகாந்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், ரயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்.

“பலீல் நானா வீட்டு விசயந்தானேப்பா?” என்றாள் அவள்.

“உனக்கு யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. மூணு நாளா வாசல் வாசலா ஏறி இறங்கினா தெரியாதா?” முறத்தைக் கீழே வைத்தாள். “அந்த அஞ்சாயிரம் பொய்யின்னு எனக்குத் தெரியும்ப்பா.”

யாராவது கேட்டுவிட்டார்களா என்று வீரசிங்கம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“வருசா வருசம் வீட்டு வரிச் சீட்டு என் கைக்குத்தான் வருது. அளந்து மதிப்புப் போட்டுட்டுப் போறவன் எழுதினதைப் பார்த்தாத் தெரியாதா, எவ்வளவு பெறும்னு? மொதல் வருசமே தெரிஞ்சு போச்சு. அந்தச் சீட்டை யாரு கண்ணுலயும் காட்டுறதில்லே. நானே போயி வரியைக் கட்டிட்டு வந்திடுவேன்.”

“ஏன்மா எங்கிட்ட ஒரு வார்த்தை...”

“சொல்லி?” அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. “மூத்த ஓரகத்தி நாலாயிரம். நான் அஞ்சாயிரம். எனக்கு அஞ்சு வருசம் புள்ள இல்லாம இருந்துச்சே, அப்போ மாமியாரு ஒரு சொல்லு சொன்னாங்களா? சொல்லலே. ஏன்? அஞ்சாயிரம் கொண்டாந்தவளாச்சே! அந்த எண்ணு மேலதான்ப்பா நான் இந்தக் குடும்பத்துல நிக்கிறேன். உங்களுக்கு வீடு வேணும், எனக்குத் தெரியும். இங்கேயே வந்து இருங்கன்னாலும் வரமாட்டீங்க. ஆனா யாரு கேட்டாலும் அஞ்சாயிரம்னே சொல்லுங்கப்பா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்.”

வீரசிங்கம் அழுதார். மகளுக்கு முன்னால் அழுவது அவருக்குப் புதிது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அஞ்சாயிரந்தான்,” என்றார். “என் வாயால வேற எண்ணு வராது.”

வாயால் வராது. அந்தச் சொல்லோடுதான் ஹாலிஎல வழியாகத் தோட்டத்துக்கு நடந்தார். நடக்க நடக்க அவருக்குள் பழைய கணக்கப்பிள்ளை விழித்துக்கொண்டார். வாயால்தானே வராது? தோட்டத்து மாடுகளை அவர் வாங்கியதெல்லாம் வாயாலா? பாதி வழியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று, “கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு என்னாச்சு?” என்று பேசிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் நல்ல வேட்டி கட்டி, சரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூவாயிரத்தையும் மடியில் முடிந்துகொண்டு இரும்புக்கடைக்கு வந்தார். பலீல் அசர் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து முக்காலியில் யார் என்கிறீர்கள்? சம்பந்தி தர்மலிங்கம்! பேரத்தை முடித்துவைக்கத் தானாகவே வந்துவிட்டார்.

“வாங்க சம்பந்தி, வாங்க,” என்றார் தர்மலிங்கம், கடைவீதி முழுக்கக் கேட்கும்படி. “முதலாளிகிட்ட இப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். எங்க சம்பந்தி யாரு? அஞ்சாயிரம் ரூபா வீட்டை மகளுக்குச் சீராத் தூக்கிக் குடுத்தவரு. அவரு நாலாயிரத்தி ஐந்நூறுக்கா யோசிப்பாரு? எழுதுங்க உறுதியைன்னேன்.”

பலீல் வீரசிங்கத்தைப் பார்த்தார். ‘இப்ப என்ன சொல்லப்போறீங்கோ?’ என்று அந்தப் பார்வை கேட்டது. கடையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

வீரசிங்கம் நிதானமாக உட்கார்ந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறினார்.

“துண்டு போட்டுப் பேசுவோம் நானா.”

மாட்டுச் சந்தையில் எல்லாருக்கும் பழகிய வழக்கம்தான். வாங்குகிறவனும் விற்கிறவனும் துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். ‘பெரிசு’ என்றால் பிடிக்கிற விரல் ஒவ்வொன்றும் ஆயிரம், ‘சின்னது’ என்றால் நூறு. உள்ளங்கையில் நகத்தால் குறுக்கே கோடு இழுத்தால் அந்த எண் இல்லை, அழித்துவிடு என்று பொருள். சுற்றி நூறு பேர் நின்றாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் பொய் சொல்கிறவனும் கிடையாது, துண்டுக்குள் கேட்டதை வெளியே சொல்கிறவனும் கிடையாது. சொன்னால் அப்புறம் அவன் கையை ஒருவரும் பிடிக்கமாட்டார்கள். பலீலும் இரும்புக்கடை போடுமுன் வாப்பாவோடு மாடு ஓட்டித் திரிந்தவர்தான். கையை நீட்டினார்.

துண்டு இரண்டு கைகளையும் மூடியது.

“பெரிசு,” என்று பலீல் நாலு விரலைப் பிடித்தார். “சின்னது,” என்று ஐந்து விரலைப் பிடித்தார். நாலாயிரத்து ஐந்நூறு. ஒரு சதம் குறையவில்லை.

“இருங்க நானா,” என்றார் வீரசிங்கம் உரக்க. “சம்பந்தி ஒரு வீட்டைச் சொன்னாரே, அந்த வீட்டையே வெச்சுப் பேசுவோம். அந்தக் கணக்கை மொதல்ல சொல்றேன், கேட்டுக்கங்க.”

“அதுதான் முறை,” என்றார் தர்மலிங்கம்.

“பெரிசு,” என்றார் வீரசிங்கம். பலீலின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். பிடித்துவிட்டு, உள்ளங்கையில் நகத்தால் அழுத்திக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

பலீலின் கை நின்றுவிட்டது.

“பெரிசு.” ஒரே ஒரு விரல். “சின்னது.” ஐந்து விரல், பிறகு மூன்று விரல்.

ஆயிரத்து எண்ணூறு.

பலீலின் முகத்தில் நிறம் வந்து போயிற்று. துண்டுக்குள் அவர் கை வீரசிங்கத்தின் ஒற்றை விரலைத் தடவிப் பார்த்தது, சரிதானா என்று. வீரசிங்கம் மறுபடியும் பிடித்துக் காட்டினார். ஒன்று, எட்டு. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது; பேரம் பேசும்போது அவர் கெஞ்சியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

ஏழு வருஷமாக, பாதி விலைக்கு வாங்கினோம் என்று பொஞ்சாதியிடம் பெருமையடித்த மனுஷன் பலீல். அது பாதி விலையுமில்லை, ஒரு மண்ணுமில்லை, ஊர் விலைக்கு மேலேயே கொடுத்திருக்கிறோம் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்தது. வீரசிங்கத்தின் கையை எலும்பு நோகிற மாதிரி இறுக்கினார். வீரசிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த இறுக்கலை வாங்கிக்கொள்ளவேண்டியவர் தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

“என்ன முதலாளி, வேர்க்குது?” என்றார் தர்மலிங்கம்.

“கணக்கு மிச்சம் பெரிய கணக்கு,” என்றார் பலீல். அவருடைய கண் எதிர்க்கடைப் பக்கம் போய், தர்மலிங்கத்தின் முகத்தில் நின்று, வீரசிங்கத்திடம் திரும்பியது. பலீலுக்கும் மூன்று பெண்பிள்ளைகள். கை மெல்ல இளகியது.

“பெரிசு,” என்றார் வீரசிங்கம். மூன்று விரல். “சின்னது இல்லை.”

பலீல், “பெரிசு” என்று மூன்றும், “சின்னது” என்று மூன்றும் பிடித்தார். வீரசிங்கம் உள்ளங்கையில் கோடு இழுத்தார். மூன்று. பலீல் இரண்டு சின்னது கேட்டார். மறுபடியும் கோடு, மறுபடியும் மூன்று. இல்லாததை எங்கிருந்து கொடுப்பது?

பலீல் பெருமூச்சு விட்டார். மூன்று விரலைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கித் துண்டை விலக்கினார்.

“முடிஞ்சுது,” என்றார். “வீடு ஐயாவுக்கு.”

நொத்தாரிசிடம் போகிற வழியில், தர்மலிங்கம் பின்தங்கியதும், பலீல் காதருகே வந்தார். “உறுதியில நாலாயிரத்தி ஐந்நூறுன்டு எழுதுவமா? அதே தெருவுல எனக்கு இன்னொரு வீடு ஈக்குது. முத்திரைச் செலவை நான் தாறன்.”

“வேணாம் நானா,” என்றார் வீரசிங்கம். “ஒரு பொய்க்கு முத்திரைச் செலவு கட்டினது போதும். மூவாயிரம்னே எழுதுங்க.”

ஏப்ரல் கடைசியில் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். வடிவம்மா தான் நினைத்த இடத்தில் அடுப்பைப் போட்டிருந்தாள். தர்மலிங்கம் குடும்பத்தோடு வந்து, நாலாயிரத்தைந்நூறு கேட்டவனை மூவாயிரத்துக்குக் கொண்டுவந்த சாமர்த்தியத்தை ஐந்தாறு தடவை புகழ்ந்தார். சந்திரகாந்தி எல்லாருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். நமுனுகுலவில் பக்கத்துத் தோட்டத்து மருந்துக்காரர் ராமநாதனும் வந்திருந்தார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார், அவளுக்கென்று ஒரு வீடு தேடுகிறார். நல்ல மனுஷன்; வீரசிங்கத்தோடு மாட்டுச் சந்தைக்குப் போய்த் துண்டுக் கணக்கு பழகியும் பேரம் பேசத் தெரியாத மனுஷன்.

“ஐயா, நீங்கதான் எனக்கு ஒரு வழி சொல்லணும்,” என்றார் ராமநாதன். “இதே தெருவுல பலீல் முதலாளியோட இன்னொரு வீட்டைக் கேட்டேன். நாலாயிரத்துக்கு ஒரு சதம் குறைக்க மாட்டேங்கிறாரு. கேட்டா, அஞ்சாயிரத்துக்கு ஒரு உறுதி இருக்கு, போய்ப் பாருங்கங்கிறாரு. இருக்கிறதையெல்லாம் வித்துக் கொடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். அது உங்க மக வீட்டு உறுதிதானாமே? அஞ்சாயிரம் உண்மைதானுங்களா?”

அடே நானா! வீரசிங்கத்துக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எல்லாம் தெரிந்த பிறகும் அந்த உறுதியையே காட்டி வியாபாரம் பண்ணுகிறாரே மனுஷன்!

தர்மலிங்கத்தின் சம்சாரம் காது கொடுத்துக் கேட்டாள். சந்திரகாந்தி காப்பிச் செம்போடு அப்படியே நின்றாள். அப்பாவின் வாயையே பார்த்தாள்.

“அஞ்சாயிரந்தான்,” என்றார் வீரசிங்கம், கணீரென்று. “என் மகளுக்கு நான் குடுத்த சீர் அஞ்சாயிரம். அதுல என்ன சந்தேகம்?”

“அப்படிச் சொல்லுங்க!” என்றார் தர்மலிங்கம்.

சந்திரகாந்தி மூச்சு விட்டாள். ராமநாதனின் முகம் தொங்கிப்போயிற்று. “அப்போ நாலாயிரம் நியாயந்தான் போல,” என்றார் மெதுவாக.

“இருங்க, உக்காருங்க. எழுந்திருக்காதீங்க.”

வீரசிங்கம் தோளிலிருந்து சரிகைத் துண்டை எடுத்தார். உதறித் தன் வலது கைமேல் போட்டு, ராமநாதனுக்கு நேரே நீட்டினார்.

“கையைக் கொண்டாங்க. நீங்க வாங்கப்போற வீட்டு விசயம் ஒண்ணு பேசணும்.”

“என்ன சம்பந்தி, எங்களுக்குத் தெரியாம?” என்றார் தர்மலிங்கம்.

“மாட்டு விசயம் மாதிரிதான் சம்பந்தி. காப்பி ஆறுது, குடிங்க.”

சந்திரகாந்தி வந்து மாமனாரின் டம்ளரை நிறைத்தாள். நிறைத்துவிட்டு அங்கேயே, அவருக்கும் அப்பாவின் துண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

துண்டுக்குள் வீரசிங்கம் மருந்துக்காரரின் ஐந்து விரலையும் பிடித்தார். உள்ளங்கையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு ஒற்றை விரலைத் தேடிப் பிடித்தார்.